வராமல் போன இரண்டாவது சவாரி: கிருஷ்ண மேனனும் நந்தி ஹோவர்கிராஃப்டும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்கிறவர்களுக்கு அந்தச் சுற்றுவட்டாரம் பழகிய காட்சி. மலைக்கோட்டை தெரியும், லூர்து அன்னை ஆலயத்தின் உயரமான கோபுரம் தெரியும். அந்த ஆலயத்தை ஒட்டியே இருக்கிறது புனித வளனார் கல்லூரி. ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு படகுக்காரர் மகன் 1950 முதல் 1954 வரை அங்கே விடுதியில் தங்கி இயற்பியல் படித்தார். அவர்தான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

ஆனால் இது கலாமின் கதை இல்லை. அவரைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். இது, கலாம் தலைமை ஏற்றுச் செய்த முதல் இயந்திரத்தில், கூட வந்த அதிகாரி தடுத்தும் கேட்காமல் ஏறி உட்கார்ந்த ஒரு மந்திரியின் கதை. வி.கே. கிருஷ்ண மேனன். இறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகம் வரும்: ஐ.நா.வில் மணிக்கணக்கில் பேசியவர், 1962 சீனப் போரில் கோட்டை விட்டவர். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தேறுமா தேறாதா என்று தெரியாத ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தைக் கொடுக்கத் துணிந்தவர்.

ஸ்டார்ட்அப், டிஃபென்ஸ் டெக், புரோட்டோடைப் என்ற வார்த்தைகள் தினமும் காதில் விழுகிற இந்தக் காலத்தில் அந்த மூன்றாவது விஷயத்தைத் தெரிந்துகொள்வது பயன்படும்.

தலச்சேரியிலிருந்து லண்டன் வரை

மேனன் 1896 மே 3 அன்று மலபாரில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. அப்பா வசதியான வழக்கறிஞர். கோழிக்கோட்டில் படித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். பிறகு சட்டக் கல்லூரி. அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. அடையாறு பிரம்மஞான சபையின் வழியாகத்தான் 1924இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவர், கிட்டத்தட்ட 28 வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். 1934இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஆனால் வழக்கில் சம்பாதித்ததைவிட இந்தியா லீக் என்ற அமைப்புக்காக ஓடியதுதான் அதிகம். இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்று இங்கிலாந்து மக்களிடமே போய் ஆதரவு திரட்டுவதுதான் அந்த அமைப்பின் வேலை. சாப்பாட்டுக்கே சிரமம். டீயும் பன்னும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டியவர் என்று அவரை அறிந்த எல்லோருமே எழுதியிருக்கிறார்கள். மது தொட்டதில்லை. லண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் பகுதி மக்கள் அவரைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1934 முதல் 1947 வரை அந்தப் பதவியில் இருந்து நூலகங்களுக்காக உழைத்தார். பிற்பாடு அதே பகுதி அவருக்குக் குடியுரிமைக் கௌரவம் கொடுத்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் அவருடைய குணத்தைக் காட்டும். 1937இல் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன், பெலிக்கன் என்ற புத்தக வரிசையைத் தொடங்கினார். அறிவியல், பொருளாதாரம், வரலாறு போன்ற கனமான விஷயங்களை, சிகரெட் பாக்கெட் விலையில், சாதாரண மக்களுக்குக் கொடுக்கும் திட்டம். விற்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்த வரிசையின் தொடக்க கால ஆசிரியர்களில் மேனன் முக்கியமானவர். லேனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, சீக்கிரமே விலகினார். ஆனால் பெலிக்கன் பெரிய வெற்றி பெற்றது.

தெரியாத ஒன்றில் துணிந்து இறங்குவது, கூட வேலை செய்பவர்களோடு முட்டிக்கொள்வது. இந்த இரண்டு குணமும் கடைசி வரை அவரை விடவே இல்லை.

ஜீப் விவகாரம்: விதியைத் தாண்டினால் என்ன ஆகும்?

1947இல் நாடு விடுதலை பெற்றதும் நேரு அவரை லண்டனில் இந்தியத் தூதராக, அதாவது ஹை கமிஷனராக நியமித்தார். அந்த வருஷமே காஷ்மீரில் சண்டை. ராணுவத்துக்கு அவசரமாக வண்டிகள் வேண்டும். வழக்கமான கொள்முதல் முறையில் போனால் நாளாகும். மேனன் நடைமுறையை ஓரங்கட்டிவிட்டு, பெரிதாகப் பின்னணி இல்லாத ஒரு நிறுவனத்தோடு பழுதுபார்த்த ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டார். முதல் தவணையாக வந்திறங்கியவை 155 ஜீப்புகள். அவை ராணுவத்துக்கு உதவாது என்று ஆகிவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்று வரை சொல்லப்படுவது இதுதான். 1955இல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான்.

இந்த ஜீப் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையைத் தாண்டும் துணிச்சல் எப்போதும் நல்லதாகவே முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே துணிச்சல்தான் பின்னாளில் நந்திக்கு உயிர் கொடுத்தது, அதே துணிச்சல்தான் ஜீப்பில் கையைச் சுட்டது.

பிறகு ஐ.நா. 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி இரண்டு நாள் சேர்த்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசினார். நடுவில் மயங்கி விழுந்து, திரும்பி வந்து பேசினார். ஊருக்குத் திரும்பியபோது அவர் நாயகன். அந்த வருஷம் ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

வாங்குவதா, செய்வதா?

அவர் பொறுப்பேற்றபோது நிலைமை என்ன? விடுதலை பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் துப்பாக்கி முதல் போர்க்கப்பல் வரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்கினோம். அந்நியச் செலாவணியோ கையைக் கடித்தது. மேனன் ஒரு முடிவெடுத்தார்: முடிந்தவரை இங்கேயே செய்வோம்.

1958இல் டி.ஆர்.டி.ஓ. உருவானது. ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவுகளையும் பாதுகாப்பு அறிவியல் அமைப்பையும் ஒன்றாகச் சேர்த்து, பத்து ஆய்வகங்களோடு தொடங்கினார்கள். இயற்பியல் அறிஞர் டி.எஸ். கோத்தாரி அதற்கு அறிவியல் ஆலோசகராக இருந்தார். 1959இல் ஜபல்பூரில் சக்திமான் லாரி தயாரிப்பு தொடங்கியது. 1961 ஜூன் 17 அன்று, ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத் போர் விமானம் முதல் முறையாகப் பறந்தது.

கடற்படைப் பக்கம் பார்த்தால், 1960இல் மும்பை மசகான் கப்பல் தளத்தையும் கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தையும் அரசு வாங்கியது. அதன் பலன் தெரிய 12 வருஷம் ஆயிற்று. மசகானில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பலான ஐ.என்.எஸ். நீலகிரி 1968இல் தண்ணீரில் இறங்கி, 1972 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. அப்போது மேனன் அமைச்சர் இல்லை. நாற்று விட்டவர் ஒருத்தர், அறுவடை செய்தவர் வேறொருத்தர். ராணுவ ஆராய்ச்சியில் இது சகஜம். ஐந்து வருஷ அரசியல் கணக்குக்கும் பதினைந்து வருஷத் தொழில்நுட்பக் கணக்குக்கும் ஒத்துப்போகாது.

எல்லாமே வெற்றியும் இல்லை. மாருத் விமானத்தின் உடல் நன்றாக இருந்தது, அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவே இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் எஞ்சினை மேம்படுத்தும் செலவை ஏற்க இந்தியா தயங்கியது. ஒரு புரோட்டோடைப்புக்குப் பாதிப் பணம் கொடுத்துவிட்டு மீதிப் பாதிக்குக் கையை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மாருத் ஒரு பாடம்.

ஹோவர்கிராஃப்ட் என்றால் என்ன?

இப்போது கலாமிடம் வருவோம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். சேர்க்கைக் கட்டணத்துக்காக அக்கா ஜொஹரா தன் தங்க நகைகளை அடகு வைத்தார். 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பாதுகாப்புத் துறை வேலையில் சேர்ந்தார். பிறகு பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய வான்வழி மேம்பாட்டு நிறுவனத்துக்கு, அதாவது ஏ.டி.ஈ.க்கு அனுப்பப்பட்டார். அங்கே இயக்குநர் மேதிரத்தா அவரிடம் ஒரு சின்னக் குழுவைக் கொடுத்து, மூன்று வருஷத்தில் உள்நாட்டிலேயே ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்துகாட்டச் சொன்னார்.

ஹோவர்கிராஃப்ட் என்பது காற்று மெத்தையில் மிதந்து போகும் வண்டி. ஒரு பெரிய விசிறி காற்றை வண்டிக்கு அடியில் தள்ளும். அந்தக் காற்று வெளியே கசிவதற்குள் மேலும் காற்று வந்து சேரும். அந்த அழுத்தத்தில் வண்டி தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பும். தரையோடு உரசல் இல்லாததால் சேறு, சதுப்பு, மணல், ஆழமில்லாத கடல் எல்லாவற்றின் மேலும் ஓடும். படகு தரை தட்டும் இடத்தில் இது தட்டாது. ஜீப் புதையும் இடத்தில் இது புதையாது.

சிக்கல் எங்கே? எழும்பும் உயரம். உயரம் கூடக் கூட, காற்று கசியும் இடைவெளியும் கூடும். அதை ஈடுகட்ட எஞ்சின் சக்தி நிறைய வேண்டும். அலைகளைத் தாண்ட வேண்டும் என்றால் இன்னும் உயரம் வேண்டும். இதற்குப் பிற்பாடு கண்ட வழிதான் வண்டியின் அடியைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கும் ரப்பர் திரை. காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அலை வந்தால் வளைந்து கொடுக்கும்.

இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் காக்கரெல் இந்த யோசனையை 1955இல் இரண்டு தகர டப்பாக்களை வைத்துச் சோதித்தார். ஒன்று பூனை உணவு டப்பா, இன்னொன்று காபி டப்பா. ராணுவத்திடம் கொண்டு போனார். கடற்படை இது விமானம் என்றது, விமானப்படை இது படகு என்றது, தரைப்படைக்கு ஆர்வமே இல்லை. கண்டுபிடிப்பை ரகசியம் என்று முத்திரை குத்திக் கொஞ்ச காலம் முடக்கியும் வைத்தார்கள். கடைசியில் பணம் கொடுத்தது, கண்டுபிடிப்புகளுக்கு நிதி தருவதற்காகவே பிரிட்டன் அரசு உருவாக்கியிருந்த தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம். 1959 ஜூனில் எஸ்.ஆர்.என்.1 மிதந்தது. ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது.

கவனித்தீர்களா? உலகத்துக்கே இந்தத் தொழில்நுட்பம் புதிதாக இருந்த அதே காலத்தில்தான் பெங்களூரில் கலாம் குழுவும் வேலையைத் தொடங்கியது. நாம் முப்பது வருஷம் பின்தங்கி இருக்கவில்லை. ஒன்றிரண்டு வருஷம்தான் பின்னால்.

மந்திரி ஏறினார்

இனி சொல்வது கலாம் தன் சுயசரிதையான அக்னிச் சிறகுகளில் பதிவு செய்த சம்பவம். வேலை தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷத்தில் மேனன் ஏ.டி.ஈ.க்கு வந்தார். திட்டத்தில் அவருக்கு ஏற்கெனவே ஆர்வம் உண்டு. வண்டி ஒரு வடிவத்துக்கு வந்ததும், சிவனின் வாகனம் நினைவாக அதற்கு நந்தி என்று பெயர் வைத்தார்கள். மேனன் அதில் தானே ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். பாதுகாப்பு பற்றிக் கூட வந்த அதிகாரிகள் தயங்கினார்கள், அவர் காதில் வாங்கவில்லை. மந்திரியோடு வந்திருந்த, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவமுள்ள விமானப்படை அதிகாரிக்குக் கவலை. அனுபவமில்லாத ஒரு சிவிலியன் இளைஞன் ஓட்டுவதைவிட நான் ஓட்டுகிறேன் என்று, கலாமை இறங்கும்படி சைகை காட்டினார். நான் செய்த வண்டியை நானே ஓட்டுவேன் என்று கலாம் தலையசைத்து மறுத்தார். இந்த ஊமை நாடகத்தைப் பார்த்த மேனன் சிரித்துவிட்டு, கலாமையே கிளப்பச் சொன்னார்.

சவாரி முடிந்து இறங்கியவருக்கு ஏக மகிழ்ச்சி. அடிப்படைச் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன, இனி இன்னும் சக்தி வாய்ந்த எஞ்சினைப் போட்டு மேம்படுத்துங்கள், அப்போது இரண்டாவது சவாரிக்கு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் மந்திரியின் வீர சாகசத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு புரோட்டோடைப்புக்குப் பணம் கொடுப்பவர் காகித அறிக்கையை மட்டும் பார்த்தால், அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். நேரில் போய், ஓட்டிப் பார்த்து, அடுத்து என்ன வேண்டும் என்று சொன்னால் ஆராய்ச்சியாளருக்கு இரண்டு விஷயம் கிடைக்கும்: ஒரு தெளிவான அடுத்த இலக்கு, தோற்றாலும் கூட நிற்க ஆள் இருக்கிறார் என்ற தைரியம்.

கலாம் குழு வேலையைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்தது. 550 கிலோ எடையோடு, தரையிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் உயரத்தில் நந்தி மிதந்தது. இரண்டு விரல் அகலம். கடலுக்கு அது போதாது, போர்க்களத்துக்கும் போதாது. ஆனால் முதல் புரோட்டோடைப்பின் வேலை போருக்குப் போவது இல்லை. இது முடியும் என்று காட்டுவதும், அடுத்து எங்கே இடிக்கிறது என்று சொல்வதும்தான். அதை நந்தி செய்தது.

ஆனால் இரண்டாவது சவாரி நடக்கவே இல்லை.

1962

அந்த வருஷத் தொடக்கத்தில் மேனன் வடக்கு பம்பாய் தொகுதியில் ஆச்சார்ய கிருபளானியைத் தோற்கடித்திருந்தார். 1961 டிசம்பரில் கோவாவை மீட்ட பெருமையும் இருந்தது. அக்டோபரில் எல்லாம் தலைகீழாயிற்று. இமயமலையில் சீனப் படைகள் இறங்கின. இந்திய வீரர்களிடம் குளிருக்குத் தகுந்த உடை இல்லை, நல்ல துப்பாக்கி இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

பழி முழுவதும் மேனன் மேல் விழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. தளபதிகளோடு அவருக்குச் சுமுகம் இல்லை. 1959இலேயே தரைப்படைத் தளபதி திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்து, நேரு சமாதானம் செய்து திரும்பப் பெற வைத்திருந்தார். பதவி உயர்வுகளில் வேண்டியவர்களுக்குச் சாதகம் காட்டினார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. சீனாவிடமிருந்து பெரிய ஆபத்து வராது என்று நம்பினார். ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி போடும் கருவி தயாரித்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கிண்டல் செய்தன. மறுபக்கம், அவர் கேட்ட பணத்தை நிதி அமைச்சகம் தரவில்லை, எல்லைக் கொள்கையை முடிவு செய்தது அவர் மட்டுமே அல்ல என்பதும் உண்மை. அக்டோபர் 31 அன்று பாதுகாப்புத் துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நவம்பர் 7 அன்று அமைச்சரவையை விட்டே போனார்.

அவரோடு நந்தியும் போனது. உள்நாட்டு ஹோவர்கிராஃப்ட் ராணுவத்துக்குப் பயன்படும் என்ற கனவைப் புதிதாக வந்தவர்களில் அதிகம் பேர் பகிர்ந்துகொள்ளவில்லை. சர்ச்சைகளில் சிக்கித் திட்டம் ஓரங்கட்டப்பட்டது. கலாம் மனம் உடைந்தார். ஆனால் நந்தியைப் பார்க்க வந்த இன்னொரு மேனன், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன், அதில் ஒரு ரவுண்டு போனார். சில நாளில் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. நேர்காணல் எடுத்தவர்களில் ஒருவர் விக்ரம் சாராபாய். ராக்கெட் பொறியாளர் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

வண்டி போனாலும், அதைச் செய்த ஆள் மிஞ்சினார். துணிந்து பணம் போட்ட ஆராய்ச்சி தோற்றாலும் முழுக்க வீண் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

மேனன் அரசியலில் தனியாக நின்றார். 1967இல் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1969இல் வங்காளத்தின் மிதினாப்பூரில் இடைத்தேர்தலில் ஜெயித்தார். 1971இல் திருவனந்தபுரத்தில் ஜெயித்தார். 1974 அக்டோபர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

இருபது வருஷம் கழித்து

நந்தி எங்கே தோற்றது? எஞ்சினிலோ விசிறியிலோ இல்லை. அது ஒரே ஒரு மனிதரின் ஆர்வத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போனதும் அறுந்து விழுந்தது.

1983இல் இதே கலாம் இன்னொரு பாதுகாப்பு அமைச்சர் முன்னால் நின்றார். ஆர். வெங்கட்ராமன். ராஜாமடத்தில் பிறந்து, பட்டுக்கோட்டையில் படித்து, திருச்சி நேஷனல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். ஏவுகணைகளை ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்று கலாம் தரப்பு திட்டம் வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே திட்டமாகச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார் வெங்கட்ராமன். 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது. ஒரு மந்திரியின் விருப்பமாக இருந்தது, அரசின் முடிவாக மாறியது.

அடுத்த வருஷமே வெங்கட்ராமன் துணைக் குடியரசுத் தலைவராகிப் போய்விட்டார். திட்டம் நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் பிருத்வி பறந்தது, 1989 மே மாதம் அக்னி பறந்தது. பிருத்வியிலிருந்து கப்பலில் ஏவும் தனுஷ் வந்தது. எல்லாமே தேறவும் இல்லை. கடற்படையும் எதிர்பார்த்திருந்த திரிசூல், பல வருஷ இழுபறிக்குப் பிறகு 2008இல் மூடப்பட்டது. ஐந்தில் ஒன்று தோற்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் மீதி நான்கு கிடைக்கும்.

ஹோவர்கிராஃப்டுக்கு என்ன ஆயிற்று?

2000ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டுகளை வாங்கியது. பிரிட்டனின் கிரிஃபன் நிறுவனத்தின் வடிவமைப்பு. அவற்றில் சில எங்கே ஓடுகின்றன தெரியுமா? மண்டபத்தில். பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலிலும் மணல் திட்டுகளிலும் ரோந்து போக இதைவிட ஏற்ற வண்டி இல்லை. கலாம் பிறந்த ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் மண்டபம். 2024 அக்டோபரில் ஆறு புதிய ஹோவர்கிராஃப்டுகளுக்காகக் கோவாவின் சௌகுலே நிறுவனத்தோடு 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுவது இங்கே. நல்ல விஷயம்தான். ஆனால் 1960களில் நந்தியைத் தொடர்ந்திருந்தால் இன்று வடிவமைப்பும் நம்முடையதாக இருந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. முயற்சி செய்யும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இன்று யார் பணம் போடுகிறார்கள்?

2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கியது. முப்படைகள் தங்களுக்கு என்ன சிக்கல் என்று சொல்லும், ஸ்டார்ட்அப்புகள் தீர்வு செய்து காட்ட வேண்டும். புரோட்டோடைப்புக்கு 1.5 கோடி ரூபாய் வரை உதவி, நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். பெரிய திட்டங்களுக்கு ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, அதிதி திட்டத்தில் 25 கோடி வரை கிடைக்கும். டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு 2022இல் 10 கோடியிலிருந்து 50 கோடியாக உயர்ந்தது. கடற்படை 2020இல் புதுமைக்கென்றே தனி அமைப்பை உருவாக்கி, 2022 ஜூலையில் 75 உள்நாட்டுத் தொழில்நுட்பங்களுக்கு இலக்கு வைத்தது.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டதே திருச்சியில்தான். சென்னை, கோவை, சேலம், ஓசூரோடு திருச்சியும் அதில் ஒரு மையம்.

பணம் ஒரு தவணையாக வராது. ஒரு கட்டம் முடித்தால் அடுத்த தவணை. இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் தோல்வி சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் நந்தியின் கேள்வி இங்கேயும் நிற்கிறது: புரோட்டோடைப் தேறிய பிறகு யார் வாங்குவார்கள்? முதல் சவாரிக்கு வந்தவர், இரண்டாவது சவாரிக்கு இருப்பாரா?

நீங்கள் இந்தத் துறையில் வேலை தேடுகிறீர்கள் என்றாலோ, சொந்தமாக ஏதாவது தொடங்க யோசிக்கிறீர்கள் என்றாலோ, மேனன் கதையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, உங்கள் திட்டத்துக்கு ஆதரவு தருவது ஒரு நபரா, ஒரு அமைப்பா என்று பாருங்கள். நபர் மட்டும் என்றால், அவர் நாற்காலியில் இருக்கும்போதே எழுத்தில் அமைப்பின் முடிவாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, புரோட்டோடைப்பிலேயே நின்றுவிடாதீர்கள். அடுத்த எஞ்சினுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று முதல் நாளே கேளுங்கள். மூன்றாவது, திட்டம் மூடப்பட்டாலும் நீங்கள் கற்றது உங்களோடு வரும். 40 மில்லிமீட்டர் உயரம் மிதந்த வண்டிதான் கலாமை ராக்கெட்டுக்குக் கொண்டுபோனது.

மேனனை நாயகனாக்க வேண்டியதில்லை, வில்லனாக்கவும் வேண்டியதில்லை. வீரர்களுக்குக் கம்பளி உடை கிடைக்காத பொறுப்பு அவருக்கு உண்டு. அனுபவமில்லாத இளைஞரை நம்பி அந்த வண்டியில் ஏறிய பெருமையும் அவருக்கு உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான். அவரிடம் துணிச்சல் நிறைய இருந்தது. தான் போன பிறகும் ஆராய்ச்சி ஓடுகிற மாதிரி அதை ஒரு ஏற்பாடாக மாற்ற அவருக்கு வாய்க்கவில்லை.

அடுத்த முறை சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது அந்தக் கல்லூரிப் பக்கம் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். இப்போதும் அங்கே இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஏதாவது ஒரு வண்டியைச் செய்துகொண்டு வந்து நின்றால், முதல் சவாரிக்கு ஆள் கிடைப்பது பெரிய விஷயம் இல்லை. இரண்டாவது சவாரிக்கும் ஆள் வர வேண்டும்.